தராசு சொல்லாத சேதி

பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் அம்மாக்களின் முதல் கேள்வி ஒன்றுதான்: "சிஸ்டர், இன்னைக்கு எடை எவ்வளவு ஏறியிருக்கு?" இருபது கிராம் என்றால் முகம் மலரும். எடை இறங்கியிருந்தால் அன்று சோறு இறங்காது.

37 வாரம் நிறையும் முன் பிறப்பது குறைமாதக் குழந்தை. உலகில் ஏறத்தாழ பத்தில் ஒன்று இப்படி முந்திக்கொள்கிறது. முதல் சில நாட்களில் உடல் நீர் வடிந்து எடை குறைவது இயல்பே. இரண்டு வாரத்தில் அது மீண்டுவிடும். பிறகு ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 15 முதல் 20 கிராம் ஏற வேண்டும். கருவறையில் இருந்திருந்தால் வளர்ந்திருக்கும் வேகம் அது.

ஏறிய இருபது கிராமும் தசையா, கொழுப்பா, நீரா? தராசுக்குத் தெரியாது. அதைச் சொல்ல 'பீ பாட்' என்றொரு கருவி இருக்கிறது. மூடிய சிறு அறைக்குள் குழந்தையை இரண்டு நிமிடம் படுக்க வைப்பார்கள். குழந்தை விலக்கும் காற்றிலிருந்து உடலின் கன அளவு கிடைக்கும். எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. கொழுப்பைவிடத் தசை அடர்த்தியானது என்பதால், எது எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம்.

குறைமாதக் குழந்தைகளை, எதிர்பார்க்கப்பட்ட பிரசவத் தேதியை ஒட்டி அளந்த ஆய்வுகளை 2012இல் தொகுத்துப் பார்த்தார்கள். நிறைமாதக் குழந்தைகளைவிட இவர்களுக்குக் கொழுப்பின் விகிதம் கூடுதல். தசையும் உறுப்புகளுமான கொழுப்பற்ற பகுதி குறைவு. தசை வளரப் புரதம் வேண்டும். மிகச் சிறிய குழந்தைக்குத் தாய்ப்பாலில் மட்டும் அது போதாது என்பதால்தான், மருத்துவர்கள் அதே பாலில் புரதம் கூட்டும் செறிவூட்டியைக் கலந்து தருகிறார்கள்.

நமக்கு இதில் தனி அக்கறை வேண்டும். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர், நிறைமாத இந்தியக் குழந்தைகளே எடையில் மெலிந்தும் கொழுப்பில் அவ்வளவு குறையாமலும் பிறப்பதை 2003இல் காட்டினார்கள். சர்க்கரை நோய் மலிந்த நாட்டில் இது சின்ன விஷயமல்ல.

பீ பாட் எல்லா ஊரிலும் கிடைக்காது. மூச்சுக்குக் கருவி பொருத்திய குழந்தையை அதில் வைக்கவும் முடியாது. ஆனால் நீளப் பலகையும் அளவு நாடாவும் எங்கும் உண்டு. நீளம் வாரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கூட வேண்டும். நீளம் கூடினால் எலும்பும் தசையும் வளர்கின்றன என்று நம்பலாம். ஒருவர் தலையைப் பலகையோடு ஒட்டிப் பிடிக்க, மற்றவர் முழங்காலை மெல்ல நீட்டி அளக்க வேண்டும். ஒற்றை ஆளாக நாடாவை ஓட்டினால் கணக்கு பிசகும்.

எடை, நீளம், தலைச் சுற்றளவு மூன்றையும் ஃபென்டன் வளர்ச்சி வரைபடத்தில் குறிக்கிறார்கள். மூன்று கோடும் சேர்ந்து ஏறுவதே நல்ல வளர்ச்சி. இரண்டு வயது வரை, முந்திப் பிறந்த வாரங்களைக் கழித்துத்தான் வயதைப் பார்க்க வேண்டும். 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு, ஆறு மாதமானாலும் வளர்ச்சிக் கணக்கில் மூன்று மாதம்தான்.

வீட்டுக்கு வந்ததும் யாராவது ஒரு பாட்டி, "புள்ள கொழுகொழுன்னு இல்லையே" என்பார். அப்போது அந்த வரைபடத்தை எடுத்து நீளக் கோட்டைக் காட்டுங்கள்.