மாணவரே கேள்வி கேட்கும் பரீட்சை!

பரீட்சை என்றால், ஆசிரியர் கேள்வி கேட்பார். மாணவர் பதில் எழுதுவார். இதுதான் வழக்கம்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் ஒரு பாடம் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. அதில் கேள்வியை மாணவரே கண்டுபிடிக்க வேண்டும். பதிலையும் அவரே தேட வேண்டும்!

அந்தப் பாடத்தின் பெயர், "ஏ.பி. ரிசர்ச்". அதாவது, ஆராய்ச்சிப் பாடம். "காலேஜ் போர்டு" என்ற அமைப்பு 2014-ம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தில் இது இரண்டாவது படி. முதல் படியின் பெயர், "ஏ.பி. செமினார்".

எதையும் நம்பிவிடாதே!

முதல் படியில், படித்ததை எடை போடப் பழகுகிறார்கள். இதைச் சொன்னவர் யார்? ஆதாரம் என்ன? மறுப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? இப்படிக் கேட்டுக் கேட்டுப் படிக்க வேண்டும்.

இதில் தேறிய பிறகுதான் ஆராய்ச்சி.

சின்னக் கேள்வி போதும்

"தூக்கம் நல்லதா?" என்று கேட்டால், அது கடல் போன்ற கேள்வி. ஓர் ஆண்டில் முடியாது. "இரவு 12 மணிக்கு மேல் படுக்கும் மாணவர்கள், காலையில் கணக்குப் போடும்போது அதிகத் தவறு செய்கிறார்களா?" என்று கேட்டால், அதற்கு விடை தேடலாம்.

இதைப் பற்றி மற்றவர்கள் முன்பே எழுதியதைத் தேடிப் படிக்க வேண்டும். பிறகு நேரில் விசாரித்தோ, சோதனை செய்தோ விவரம் சேகரிக்க வேண்டும். முடிவில் 4 ஆயிரம் முதல் 5 ஆயிரம் வார்த்தைகளில் கட்டுரை! அதற்கு நூற்றுக்கு 75 பங்கு மதிப்பு. மீதி 25 பங்கு, கண்டதை எடுத்துச் சொல்லி, கேட்கும் கேள்விகளுக்குப் பதில் அளிப்பதற்கு.

காப்பி அடித்தால் பூஜ்யம்

பிறர் எழுத்தை எடுத்து, அவர் பெயரைச் சொல்லாமல் தன்னுடையதுபோல் கொடுத்தால் பூஜ்யம்தான். ஓர் ஆண்டு உழைப்பு போயிற்று!

இப்போது கேட்டதும் கட்டுரை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. அதனால், வேலை நடக்கும்போதே ஆசிரியர் இடையிடையே மாணவரைக் கூப்பிட்டு விசாரிக்கிறார். "இந்த முடிவுக்கு எப்படி வந்தாய்?" சொந்தமாக உழைத்தவருக்கு இந்தக் கேள்வி சுலபம். மற்றவருக்கு?

நினைத்தது ஒன்று, கண்டது வேறு என்றாலும் குற்றம் இல்லை. கண்டதைக் கண்டபடி எழுத வேண்டும். மாணவர்கள் பழக வேண்டிய பெரிய பாடம் இதுதான்.