மரத்தின் விளிம்பும் ரூட்டரின் பிட்டும்

கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையைக் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தவர்கள் போர்த்துகீசியர். பின்னர் 1663-இல் டச்சுக்காரர் அதனைப் புதுப்பித்தனர். அதன் உணவுக்கூடத்துச் செதுக்கு மர விதானத்தைக் கண்டு களித்தவர்கள், அருகிலுள்ள யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளையும் பார்க்காமல் திரும்புவதில்லை. அங்குள்ள பழைய அலமாரிகளின் வளைந்த விளிம்புகள் கையுளியாலும் இழைப்புளியாலும் ஆனவை. இழைப்புளியை இங்குள்ள ஆசாரிமார் ‘சிந்தேர்’ என்பர். உளி மட்டும் நம் இரு மொழிகளுக்கும் பொதுவாக நின்றுவிட்டது.

இன்று அவ்வேலையைச் செய்வது ரூட்டர் என்னும் மின்கருவி. அதில் பொருத்தும் வெட்டலகே பிட். பள்ளம் பறிக்க நேர்பிட், விளிம்பை உருட்ட வட்டப்பிட், இழுப்பறையின் மூலைகளைப் பூட்டப் புறாவால் பிட் எனப் பல உண்டு. நுனியில் பேரிங் உள்ள பிட், மரத்தின் ஓரத்தையே வழிகாட்டியாகக் கொண்டு ஓடும்.

என் பாட்டனார் காலத்துத் தேக்கு அலமாரியின் கதவுச் சட்டம் ஒன்று உடைந்தபோது, அதனை ஒரு பட்டறையில் கொடுத்தேன். மழுங்கிய பிட்டை வைத்து, முழு ஆழத்தையும் ஒரே ஓட்டத்தில் வெட்டினார்கள். விளிம்பு கருகிற்று, கடைசி முனை பிய்ந்து போயிற்று. அத்தகைய முதிர்ந்த தேக்கு மீண்டும் எளிதில் கிடைப்பதா?

தேக்கில் சிலிக்கா உண்டு. அது சாதாரண எஃகுப் பிட்டை விரைவில் மழுக்கும். ஆகவே கார்பைடு முனையுள்ளதே தக்கது. ஆனால் கார்பைடு கீழே விழுந்தால் சில்லாகத் தெறிக்கும். தண்டு கால் அங்குலத்தைவிட அரை அங்குலமாயின் அதிர்வு குறையும். தண்டை முழுவதும் உள்ளே அழுத்தாமல், இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே இழுத்து இறுக்க வேண்டும். பிட் அகலமாக ஆக வேகத்தைக் குறைப்பது அவசியம். மூன்று அங்குலப் பிட்டை இருபத்தீராயிரம் சுற்றில் ஓட்டுவது ஆபத்து.

ஓட்டும் திசையில் மிக்க கவனம் வேண்டும். கையில் பிடித்த ரூட்டரைப் பலகையின் வெளிவிளிம்பில், நம்மை நோக்கிய பக்கத்தில், இடமிருந்து வலமாகவே தள்ளுக. மாறாகச் செலுத்தினால் பிட் மரத்தைப் பற்றிக்கொண்டு கருவியைக் கையிலிருந்து பிடுங்கும். நாற்புறமும் வெட்டுவதாயின், நார் அறுபடும் குறுக்கு முனைகளை முதலில் வெட்டுக. அங்கே பிய்வது பின்னர் நெடும்பக்கத்தை வெட்டும்போது மறைந்துவிடும். மூன்று நான்கு ஓட்டங்களில் சிறிது சிறிதாக ஆழப்படுத்துக. புறாவால் பிட் மட்டும் இதற்கு விலக்கு: அது முழு ஆழத்தையும் ஒரே முறையில்தான் வெட்ட முடியும். எனவே, முதலில் நேர்பிட்டால் வழி திறந்து கொள்வது நலம். பிட் மாற்றுமுன் மின்செருகியைப் பிடுங்கிவிடுக, கண்ணாடியணிதலும் மறவற்க.

பின்னர் ஒரு முதிய ஆசாரி என் சட்டத்தைச் சீர்செய்தார். பழைய வளைவுக்குச் சரியான பிட் எதுவும் கடையில் இல்லை. வட்டப்பிட்டால் ஒருமுறையும் குழிப்பிட்டால் ஒருமுறையும் ஓட்டி, எஞ்சிய மயிரிழையை உளியால் சீவி, உடைந்த துண்டை அருகில் வைத்து விரலால் தடவித் தடவி ஒப்பிட்டார்.