சதுரக்கள்ளியும் சப்பாத்திக்கள்ளியும் சொந்தமா?

இரண்டிலும் முள், சதைப்பற்று, பெயரிலும் கள்ளி. ஆனாலும் சொந்தமில்லை. சப்பாத்திக்கள்ளியின் முள்ளடியை உற்றுப் பாருங்கள்: தையல்காரர் ஊசி செருகும் பஞ்சுத்திண்டு மாதிரி ஒரு மெத்தென்ற புள்ளி. முள்ளும் பூவும் அதிலிருந்தே கிளம்பும். அமெரிக்கக் கண்டங்களில் தோன்றிய கள்ளிக் குடும்பத்துக்கே உரிய அடையாளம் அது. நம் சதுரக்கள்ளியில் அந்தத் திண்டு கிடையாது. விளிம்பில் இரட்டை இரட்டையாக முள், கீறினால் பால். அது ஆமணக்குக் குடும்பம். தோற்றம் ஒத்துப்போனது வறட்சியால்: இலையைச் சுருக்கி, தண்டில் நீர் சேர்க்க இரண்டும் தனித்தனியே பழகின.

வளர்ப்பு ஒன்றுதானே, வகை எதற்கு என்பீர்கள். தண்ணீர் விஷயத்தில் சரிதான்: மண் அடிவரை காய்ந்தபின் ஊற்றுங்கள், ஓயாத ஈரத்தில் காற்றில்லாமல் வேர் அழுகும். ஆனால் பதியனுக்குக் கிளை வெட்டும்போது சதுரக்கள்ளிப் பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.