ஒரு பைசாவுக்கு ஒரு வரலாறு



இந்த ஊரின் பெயர் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவிடமிருந்து வந்தது. கும்பினியின் படைமுகாம் இருந்த இடம் இது. மேற்கே காஞ்சிபுரம், தெற்கே உத்திரமேரூர். எந்தத் திசையில் பேருந்து ஏறினாலும் பாடப்புத்தகத்தில் பெயர் உள்ள ஓர் ஊரில்தான் இறங்குவோம். ஆனால் அந்தப் பாடத்தில் சேரி எங்கே இருந்தது என்று தேடினால் பக்கம் காலியாக இருக்கும். படித்தவர்களுக்கு மட்டுமல்லாமல் எல்லாருக்குமான வரலாற்றுப் பத்திரிகை என்றால் என்ன, அதைத் தமிழில் முதலில் செய்து காட்டியவர்கள் யார் என்பதைப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

1907 ஜூன் 19ஆம் தேதி சென்னை இராயப்பேட்டையிலிருந்து பண்டிதர் அயோத்திதாசர் ஒரு வார இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம், விலை ஒரு பைசா. அந்தக் காலக் கணக்கில் ரூபாய்க்கு 64 பைசா. ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று விலையையே பெயரில் வைத்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு ‘தமிழன்’ என்று பெயர் சுருங்கியது. 1914 மே மாதம் அவர் இறக்கும்வரை இதழ் நடந்தது. சென்னையில் மட்டுமல்ல, கோலார் தங்கவயலிலும், கடல் தாண்டி ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். சுரங்கத்திலும் தோட்டத்திலும் படைப்பிரிவுகளிலும் கூலிக்கும் சம்பளத்துக்கும் போனவர்கள் அவர்கள்.

‘இந்திரர் தேச சரித்திரம்’ இந்த இதழில்தான் தொடராக வந்தது. ஐம்புலன்களை வென்றவர் இந்திரர், அவர் புத்தர், அவர் பெயரால் வழங்கிய நாடே இந்தியா என்பது அதன் அடிப்படை. தாழ்த்தப்பட்டோர் என்று சொல்லப்படுபவர்கள் பூர்வ பௌத்தர்கள், சாதி பின்னால் வந்த சூழ்ச்சி என்று அவர் வாதிட்டார். தீபாவளி என்பது எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டுபிடித்த நாள், கார்த்திகை தீபம் ஆமணக்கு எண்ணெயைக் கண்டுபிடித்து விளக்கேற்றிய நாள் என்றார். வாசகன் தன் வீட்டுத் திண்ணையில் ஏற்றும் அகல்விளக்கே அவனுக்குச் சான்றாகிவிடுகிறது. வாசகர்கள் சந்தேகம் எழுதிக் கேட்டார்கள், அவர் இதழிலேயே பதில் எழுதினார். வரலாறு இப்படிக் கேள்வி பதிலாக நடந்த இடம் தமிழில் அதற்கு முன் எத்தனை இருந்தது?

அவருடைய சொல்லாராய்ச்சி முழுவதையும் இன்றைய வரலாற்று மாணவர் ஏற்க முடியாது. எனக்கும் பல இடங்களில் உடன்பாடில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி வேறு: ஒரு பண்டிகைக்கு, ஒரு கோயிலுக்கு, ஒரு சாதிப் பெயருக்கு இப்போது சொல்லப்படும் கதையைச் சொன்னவர் யார், அதனால் நிலமும் மதிப்பும் யாருக்குப் போனது? கல்வெட்டு படிக்கத் தெரியாதவரும் கேட்கக்கூடிய கேள்வி இது. 85 ஆண்டுகள் கழித்து, 1999இல்தான் ஞான அலாய்சியஸ் தொகுப்பில் அயோத்திதாசர் சிந்தனைகள் பெருந்தொகுதிகளாகப் பாளையங்கோட்டையிலிருந்து வந்தன. அதுவரை பழைய இதழ்களைக் கரையான் தின்னாமல் காத்தவர்கள் அன்பு பொன்னோவியம் போன்றவர்களும் தங்கவயல் பௌத்தர்களும். பல்கலைக்கழகம் அதைச் செய்யவில்லை.

இடைப்பட்ட காலத்தில் பொதுவாசகருக்கு வரலாறு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் வாரப்பத்திரிகைத் தொடர்கதையிலிருந்து. ‘சிவகாமியின் சபதம்’ 1944இல் ‘கல்கி’யில் தொடங்கியது. காஞ்சியைத் தமிழர்களில் பலர் அதன் வழியாகத்தான் பார்த்தார்கள். அதில் சதி செய்யும் நாகநந்தி ஒரு புத்த பிக்கு. அதே ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த யுவான் சுவாங் நூற்றுக்கு மேற்பட்ட விகாரைகளையும் பத்தாயிரம் பிக்குகளையும் குறித்திருக்கிறார். மணிமேகலை துறவு பூண்டதும் காஞ்சியில்தான். கோபிநாத ராவ் 1915இல் காஞ்சியின் பௌத்தச் சின்னங்களைப் பற்றி எழுதினார். காமாட்சியம்மன் கோயிலில் இருந்த புத்தர் சிலை இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நாகநந்தியைத் தெரிந்த அளவுக்கு அந்தச் சிலையைத் தெரிந்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கதை எழுதியவரைக் குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. அச்சில் எது மலிவாகக் கிடைக்கிறதோ அதுதான் ஊர் நினைவாகிறது என்பதற்காகக் கேட்கிறேன்.

உத்திரமேரூருக்கு வருவோம். பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் காட்டி, மக்களாட்சியின் தொட்டில் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். குடத்தில் ஓலை போட்டது உண்மை. யார் பெயர் ஓலையில் ஏறலாம் என்பதையும் அதே கல் சொல்கிறது: வரி கட்டும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, இரண்டாம் கல்வெட்டின்படி 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயது. அது ஒரு சதுர்வேதிமங்கலத்துச் சபை. நிலத்தில் வேலை செய்தவர்களின் பெயர் குடத்துக்குள் போக வழியில்லை. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டில் ஊர்களின் வரியில்லா நிலங்களைப் பட்டியலிடும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று தனியாகவே வருகின்றன. இரண்டு கல்லையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டால் போதும், தலையங்கமே தேவையில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான ஆவணம் ஒன்று இருக்கிறது. இந்தப் பகுதி அன்றைய செங்கல்பட்டு மாவட்டம். அதன் ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர் 1891இல் இம்மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். மனையடிகூட மிராசுதாரருக்குச் சொந்தமாக இருந்ததால், வாய் திறந்தால் குடிசை போகும் என்ற நிலை. அதைத் தொடர்ந்து 1892இல் அரசாணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று அழைப்பது அதன் வழியாகக் கிடைத்தது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. ஆணையைப் பற்றித் தெரியாத தலைமுறையிடமிருந்து நிலம் கைமாறியது. தெரிந்துகொண்ட தலைமுறை காரணையில் நிலத்தைத் திருப்பிக் கேட்டது. 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்களை இழந்தோம்.

வாலாஜாபாத்திலிருந்து ஓர் எளிய வரலாற்று இதழ் தொடங்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நான்கு பக்கம் போதும். முதல் இதழில் சோழனும் வேண்டாம், பல்லவனும் வேண்டாம். 1892 ஆணையின் நிபந்தனையை எளிய தமிழில் போடுங்கள். பக்கத்திலேயே, கிராம நிர்வாக அலுவலகத்தில் உள்ள ‘அ’ பதிவேட்டில் எந்தக் கட்டத்தைப் பார்க்க வேண்டும், நகல் கேட்டு எப்படி மனு எழுத வேண்டும் என்று போடுங்கள். பாட்டிகளிடம் போய், நம் ஆட்கள் உழுத நிலம் எது, அதை எப்போது, எந்தக் கடனுக்காக விட்டார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். இரண்டாம் இதழுக்கு அதுவே பக்கத்தை நிரப்பும்.