அளவறிந்து ஏற்றல்

கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளில் இரவுப்பணி முடித்துத் திரும்புவோருக்குச் சாலையோரச் சூரிய மின்விளக்குகள் துணையாகின்றன. அவ்விளக்கு இரவு முழுதும் எரிவது, பகலில் அதன் மின்கலங்கள் எவ்வாறு மின்னேற்றம் பெற்றன என்பதைப் பொறுத்தது.

சூரியத் தகடு தரும் மின்னோட்டம் ஒரே சீராக இருப்பதில்லை. காலையில் குறைந்தும், உச்சிவேளையில் மிகுந்தும், மேகம் மறைத்தால் தாழ்ந்தும் அமையும். மின்கலமோ நிறையும் நிலையை நெருங்கும்போது குறைந்த மின்னோட்டத்தையே ஏற்க வல்லது. இவ்விரண்டையும் இணக்கப்படுத்துவதே மின்கல மேலாண்மை அமைப்பின் பணியாகும்.

இத்தகைய விளக்குகள் பலவற்றில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலங்கள் நான்கு, தொடரிணைப்பில் அமைந்திருக்கும். ஒவ்வொரு கலமும் 3.65 வோல்ட்டைத் தாண்டலாகாது. நான்கிற்கும் சேர்த்து வரம்பு 14.6 வோல்ட். மூன்று கலங்கள் 3.45 வோல்ட்டிலும் ஒன்று 3.75 வோல்ட்டிலும் இருப்பதாகக் கொள்வோம். கூட்டுத்தொகை 14.1 வோல்ட், குறையேதும் இல்லை என்றே தோன்றும். ஆயினும் ஒரு கலம் வரம்பை மீறிவிட்டது. ஆகவே, இவ்வமைப்பு ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே கண்காணிக்கிறது.

மின்னோட்டத்தை அளக்க, மிகச்சிறிய மின்தடை ஒன்று சுற்றில் வைக்கப்படுகிறது. 0.01 ஓம் தடையில் 5 ஆம்பியர் பாய்ந்தால், ஓம் விதிப்படி 0.05 வோல்ட் தோன்றும். அதனைக் கொண்டே மின்னோட்டம் கணக்கிடப்படுகிறது. அதற்கேற்ப, மின்னேற்றக் கட்டுப்படுத்தியிலுள்ள டிரான்சிஸ்டர் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இயங்கி நிற்கிறது. அது இயங்கும் நேரம் குறையக் குறையச் சராசரி மின்னோட்டமும் குறையும்.

கொள்ளளவு குறைந்த கலம் பெரும்பாலும் முந்தி நிறையும். அதன் மிகை ஆற்றல் ஒரு மின்தடை வழியே வெப்பமாக வெளியேற்றப்படும். அதற்குள் ஏனைய கலங்கள் அதன் நிலையை எட்டும். அதன் பின்னும் வரம்பு மீறப்பட்டால், மின்னேற்றம் துண்டிக்கப்படும்.

வெப்பமும் கருதத்தக்கது. திருவள்ளூர் மாவட்டத்தின் கோடை வெப்பம் 40 டிகிரி செல்சியசைக் கடப்பதுண்டு. வெயிலில் நிற்கும் மின்கலப் பெட்டிக்குள் அது மேலும் உயரும். இவ்வகைக் கலங்கள் பலவற்றிற்கு மின்னேற்றத்தின்போது 45 டிகிரியே மேல்வரம்பு. வெப்ப உணரி அதனை அறிவித்ததும் மின்னோட்டம் குறைக்கப்படும் அல்லது நிறுத்தப்படும். வெயில் மிகுந்த வேளையில் மின்னேற்றத்தைக் குறைப்பது இழப்பெனத் தோன்றலாம். ஆனால், அன்று விட்டுக்கொடுக்கும் சிறிதளவு ஆற்றலே கலங்களின் ஆயுளை நீட்டிக்கிறது. நான்கு கலங்களுள் நலிந்த ஒன்று பழுதுபட்டாலும் விளக்கு அணைந்துவிடும். அந்த ஒன்றைக் காப்பதே அனைத்தையும் காக்கும் வழியாகும்.