பெயரைக் கேட்டாலே பிடி புரியும்!

ஜப்பானியரின் பழைய மல்வித்தை ஜுஜுட்சு. தூக்கி எறிவது, கழுத்தை நெரிப்பது என்று அதில் பல வகைகள் உண்டு. அவற்றில் ஒன்று மூட்டுப் பிடி. மூட்டு எந்தப் பக்கம் மடங்காதோ அந்தப் பக்கம் வளைப்பார்கள். பிடி சரியாக விழுந்துவிட்டால் பெரிய பயில்வானும் பணிய வேண்டியதுதான்!

இந்தப் பிடிகளின் ஜப்பானியப் பெயர்கள் நம் வாயில் எளிதில் நுழையா. ஆனால், ஏழெட்டுச் சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். பெயரே பிடியை விளக்கிவிடும்.

உறுப்பும் செயலும்

"உதே" என்றால் கை. "வக்கி" என்றால் அக்குள். "ஹரா" வயிறு. "ஹிஸா" முழங்கால். "கத்தமே" என்பது அசையவிடாமல் இறுக்குவது. "கராமி" என்பது பின்னுவது.

அப்படியானால் "வக்கி கத்தமே" என்பது என்ன? எதிரியின் கையை அக்குளில் இடுக்கி, முழங்கையை இறுக்கும் பிடி. வயிற்றால் அழுத்தினால் "ஹரா கத்தமே". முழங்காலால் அழுத்தினால் "ஹிஸா கத்தமே". எதிரியின் மடங்கிய கையைத் தன் இரு கைகளாலும் கொடிபோல் பின்னி முறுக்கினால் "உதே கராமி".

பத்து என்ற எழுத்து

"ஜுஜி கத்தமே" என்ற பெயர் வேடிக்கையானது. ஜப்பானியர் பத்து என்பதை எழுதும் எழுத்து, நம் கூட்டல் குறி போலவே இருக்கும். அந்த எழுத்துக்குத்தான் "ஜுஜி" என்று பெயர்.

எதிரி மல்லாந்து கிடப்பான். வீரர் அவன் மார்புக்குக் குறுக்கே கால்களைப் போடுவார். அவன் கையைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கி, இடுப்பை உயர்த்துவார். மேலிருந்து பார்த்தால் இரண்டு உடல்களும் கூட்டல் குறி போலத் தெரியும்!

வீரரின் பெயரே பிடிக்கு வந்தது

1951ஆம் ஆண்டு அக்டோபர் 23. பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரம். ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவும், பிரேசில் வீரர் ஹேலியோ கிரேசியும் மோதினார்கள்.

கிமுரா "உதே கராமி" பிடியைப் போட்டார். கிரேசி பணியவில்லை. எலும்பு முறியும் ஓசை கேட்டதாகக் கிமுரா பின்னாளில் எழுதினார். அப்போதும் கிரேசி தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை! அவர் தரப்பினரே போட்டியை நிறுத்தினார்கள்.

அதன்பின் பிரேசிலில் அந்தப் பிடிக்கு "கிமுரா" என்றே பெயர் வழங்கலாயிற்று. தோற்றவர்களின் நாடே வென்றவரின் பெயரை நிலைநிறுத்திவிட்டது!

உயிர் காக்கும் சொல்

ஜுஜுட்சுவிலிருந்து 1882ஆம் ஆண்டில் ஜூடோவை உருவாக்கியவர் ஜிகோரோ கானோ. இன்றைய ஜூடோ போட்டிகளில் மூட்டுப் பிடியை முழங்கையில் மட்டுமே போடலாம். மணிக்கட்டிலோ முழங்காலிலோ போடக் கூடாது. மூட்டு கெட்டால் வாழ்நாள் முழுவதும் தொல்லை அல்லவா?

பிடியில் சிக்கியவர் "மைத்தா" என்று சொல்லலாம். "தோற்றேன்" என்று பொருள். வாயால் சொல்ல முடியாவிட்டால் கையாலோ காலாலோ இரண்டு முறை தட்டினால் போதும். பிடி போட்டவர் உடனே விட்டுவிட வேண்டும்.

எத்தனை பிடிகளின் பெயர்களைக் கற்றாலும், மாணவன் முதலில் கற்க வேண்டிய சொல் இதுதான். இன்று தோற்றாலும், கை நன்றாக இருந்தால் நாளை வெல்லலாமே!