பிரித்தானியக் குதிரைப் பந்தயத் துறையில் பயிற்சியும் தொழில்வழிகளும்

ஐக்கிய இராச்சியத்தில் குதிரைப் பந்தயம் பல்லாயிரம் பேருக்கு வேலை தரும் ஒரு பெரிய தொழிற்றுறை ஆகும். அங்கு பந்தயத்துக்கெனப் பயிற்சி பெறும் குதிரைகள் ஏறத்தாழ 14,000 உள்ளன. இக்குதிரைகளைப் பேணவும், ஓட்டிப் பழக்கவும், பந்தயத்தில் செலுத்தவும் வேண்டிய ஆட்களை உருவாக்குவதற்கு முறையான பயிற்சிப் பள்ளிகளும் உரிம விதிகளும் உள்ளன. இத்துறையை 2007 முதல் பிரித்தானியக் குதிரைப் பந்தய ஆணையம் நெறிப்படுத்துகிறது. அதற்கு முன்னர் நெடுங்காலம் இப்பொறுப்பு 18ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஜாக்கி கிளப்பிடம் இருந்தது.

பந்தயம் என்றதும் குதிரையைச் செலுத்தும் ஜாக்கியே பலருக்கும் நினைவுக்கு வருவார். பயிற்சிப் பள்ளியில் சேரும் இளைஞர் பலரின் கனவும் அதுவே. ஆனால் அவர்களில் மிகச் சிலரே தொழில்முறை ஜாக்கி ஆகின்றனர். மற்றையோரின் வாழ்க்கை பெரும்பாலும் லாயத்திலேயே கழிகிறது. இத்துறையைத் தேர்ந்தெடுக்க எண்ணுபவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது இதுவே.

பழைய முறை

முற்காலத்தில் பயிற்சிப் பள்ளி என்று எதுவும் இருக்கவில்லை. உருவில் சிறிய சிறுவர்கள் ஒரு பயிற்றுநரிடம் பல ஆண்டு ஒப்பந்தத்தில் ஒப்படைக்கப்பட்டனர். உணவும் உறைவிடமும் கிடைத்தன. கூலி மிகக் குறைவு. பெயர்பெற்ற ஜாக்கி லெஸ்டர் பிகாட் தன் தந்தையிடமே தொழில் பயின்று, 1948 இல் ஹேடாக் பார்க் திடலில் முதல் வெற்றியைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 12. இன்று 16 வயது நிறைவடையாத எவருக்கும் ஜாக்கி உரிமம் வழங்கப்படுவதில்லை.

லாயப் பணியாளரின் குறைகள் 1975 இல் வெளிப்படையாக வெடித்தன. ஊதிய உயர்வு கேட்டு நியூமார்க்கெட்டில் வேலைநிறுத்தம் செய்த அவர்கள், அவ்வூரின் முதன்மைப் பந்தயம் ஒன்றின்போது ஓடுபாதையை மறித்து அமர்ந்தனர். லாயப் பணியாளருக்கெனத் தனிச் சங்கம் அமைவதற்கு இப்போராட்டம் வழிவகுத்தது.

பயிற்சிப் பள்ளிகள்

நியூமார்க்கெட்டில் பிரித்தானியப் பந்தயப் பள்ளி 1983 இல் பணியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு வட இங்கிலாந்தில் டான்காஸ்டர் அருகே மற்றொரு பயிற்சிக் கல்லூரி அமைந்தது. இவற்றின் அடிப்படைப் பாடநெறிகள் தங்கிப் பயிலும் வகையின. மாணவரின் முன்அனுபவத்தைப் பொறுத்துக் காலம் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை வேறுபடும். குதிரை ஏறிப் பழகாதவரும் சேரலாம் என்பது குறிப்பிடத்தக்கது. விடியுமுன் எழுந்து லாயத்தைத் துப்புரவு செய்தல், தீனி வைத்தல், சேணம் பூட்டுதல், காலில் வீக்கமோ சூடோ உள்ளதா எனத் தடவிப் பார்த்தல் ஆகியவை சவாரியோடு சேர்த்தே கற்பிக்கப்படுகின்றன. பயிற்சி முடிந்ததும் மாணவர் ஒரு பயிற்றுநரின் லாயத்தில் வேலைக்கு அமர்த்தப்படுகிறார்.

லாயப் பணி

லாயப் பணியாளர் ஒருவர் பொதுவாக மூன்று அல்லது நான்கு குதிரைகளைக் கவனிப்பார். காலையில் அவற்றுள் சிலவற்றின் மீது ஏறி, பயிற்சித் திடலில் குறித்த வேகத்தில் ஓட்டி வருவார். பந்தயக் குதிரை ஏறத்தாழ அரை டன் எடை உடையது. எளிதில் மிரளக் கூடியது. அதனை அடக்கிக் குறித்த வேகத்தில் ஓட்டுவது பந்தயத்தில் விரட்டுவதைவிட எளிதன்று. ஆயினும் இத்திறமை பார்வையாளர் கண்ணில் படுவதில்லை. பட்டறிவு மிக்கோர் தலைமைப் பணியாளராகவோ, குதிரைகளைப் பந்தயத் திடல்களுக்கு அழைத்துச் செல்லும் பயணப் பொறுப்பாளராகவோ உயரலாம். நல்ல சவாரியாளருக்கு எப்போதும் தட்டுப்பாடு நிலவுவதால், இந்தியா உட்பட வெளிநாடுகளின் பந்தய லாயங்களில் பழகியவர்களும் அங்கு வேலை செய்கின்றனர்.

பயிலுநர் ஜாக்கியும் எடைச் சலுகையும்

பயிற்றுநர் ஒருவர் தம் பணியாளரிடம் திறமையைக் கண்டால் அவரைப் பயிலுநர் ஜாக்கியாக்க முன்வரலாம். அதற்குத் தனிப் பாடநெறியும், மருத்துவச் சோதனையும், உடற்தகுதித் தேர்வும் உண்டு. இதன் பின்னரே உரிமம் கிடைக்கும்.

எனினும் பட்டறிவில்லாத ஒருவரை நம்பிக் குதிரை உரிமையாளர் ஏன் தம் குதிரையைக் கொடுக்க வேண்டும்? இக்கேள்விக்குப் பந்தய விதிகள் கண்ட விடையே எடைச் சலுகை ஆகும். ஒவ்வொரு குதிரையும் பந்தயத்தில் இவ்வளவு எடையைச் சுமக்க வேண்டும் என்று முன்கூட்டியே விதிக்கப்படுகிறது. ஜாக்கியும் சேணமும் சேர்ந்து அந்த எடைக்குக் குறைந்தால், ஈயத் தகடுகளைச் சேர்த்து ஈடு செய்வர். பயிலுநர் ஏறும் குதிரைக்கு இந்த எடையில் கழிவு உண்டு. 20 வெற்றிகள் பெறும் வரை 7 இறாத்தல், 50 வெற்றிகள் வரை 5 இறாத்தல், 95 வெற்றிகள் வரை 3 இறாத்தல் கழிக்கப்படும். ஓர் இறாத்தல் என்பது ஏறத்தாழ 450 கிராம்.

இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு மைல் தொலைவுப் பந்தயத்தில் 2 இறாத்தல் ஏறத்தாழ ஒரு குதிரை நீளத்துக்குச் சமம் என்பது பந்தயக் கணிப்பாளரின் பொதுவான கணக்கு. ஆகவே 7 இறாத்தல் கழிவு மூன்று குதிரை நீளங்களுக்கும் மேற்பட்ட ஆதாயம் ஆகும். பல பந்தயங்கள் ஒரு தலை வேறுபாட்டில் முடிவதை எண்ணினால் இதன் பெறுமதி விளங்கும். திறமையுள்ள ஒரு பயிலுநரைப் பயிற்றுநர்கள் போட்டியிட்டுத் தேடுவதும் இதனால்தான். டெர்பி போன்ற உயர்நிலைப் பந்தயங்களில் இச்சலுகை செல்லாது.

இம்முறையில் ஒரு முரண் உள்ளது. பயிலுநர் வெல்ல வெல்ல, அவருக்கு வாய்ப்பைத் தேடித் தந்த சலுகையும் தேய்ந்து செல்கிறது. 95ஆவது வெற்றிக்குப் பின் அவர் நாட்டின் தலைசிறந்த ஜாக்கிகளோடு சம எடையில் போட்டியிட வேண்டும். நேற்று வரை அழைத்த பயிற்றுநர்கள் இன்று அதே செலவில் பழுத்த ஜாக்கி ஒருவரை அமர்த்த முடியும். இக்கட்டத்தில் சவாரிகள் குறைந்து மீண்டும் லாயப் பணிக்கே திரும்புவோர் பலர். இத்தாலியிலிருந்து 1985 இல் சிறுவனாக நியூமார்க்கெட்டுக்கு வந்த பிராங்கி டெட்டோரி இதனைக் கடந்தவர்களுள் ஒருவர். 1989 இல் முதன்மைப் பயிலுநராகத் தேர்வான அவர், மறு ஆண்டே ஒரு பருவத்தில் 100 வெற்றிகளை எட்டினார்.

உடல் எடை இன்னொரு தடை. சமதரைப் பந்தயங்களில் மிகக் குறைந்த சவாரி எடை ஏறத்தாழ 52 கிலோ. இதில் சேணமும் அடங்கும். பதினாறு வயதில் இந்த எடையில் இருந்தவர் இருபது வயதில் வளர்ந்துவிட்டால் திறமை இருந்தும் பயனில்லை. பட்டினி கிடந்தும் வியர்வைக் குளியல் செய்தும் எடையைக் குறைத்த பழைய பழக்கம் உடலுக்குக் கேடு என்பதால், இன்று பயிலுநருக்கு உணவியல் அறிவுரையும் வழங்கப்படுகிறது.

வேலிகளையும் தடைகளையும் தாண்டும் பந்தயங்களில் இந்த எடை 64 கிலோவுக்கு அண்மையில் உள்ளதால், உயரமானோர் அப்பக்கம் செல்வதுண்டு. அங்கும் இளையோருக்கு எடைச் சலுகை உண்டு. அது 75 வெற்றிகளோடு முடிகிறது.

பெண்கள்

பெண்களுக்கு இத்துறை நெடுங்காலம் மூடியே இருந்தது. குதிரைகளைத் திறம்படப் பயிற்றுவித்த பெண்கள்கூடத் தம் ஆண் தலைமைப் பணியாளரின் பெயரிலேயே உரிமம் பெற வேண்டியிருந்தது. புளோரன்ஸ் நேகிள் என்பவர் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1966 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்ததும் ஜாக்கி கிளப் இணங்கி உரிமம் வழங்கியது. பெண்களுக்கான முதல் பந்தயம் 1972 இல் கெம்ப்டன் பார்க்கில் நடைபெற்றது. டான்காஸ்டர் கல்லூரியில் பயின்ற ஹெய்லி டர்னர் 2008 இல் ஓர் ஆண்டில் 100 வெற்றிகள் பெற்ற முதல் பிரித்தானியப் பெண் ஜாக்கி ஆனார். 2021 இல் அயர்லாந்தைச் சேர்ந்த ரேச்சல் பிளாக்மோர் கிராண்ட் நேஷனல் பந்தயத்தை வென்றார். இப்பந்தயத்தில் ஒரு பெண் வென்றது அதுவே முதல் முறை.

பிற பணிகள்

பயிற்றுநர் உரிமம் கோருபவர் லாயப் பட்டறிவோடு கணக்கு, பணியாளர் நிருவாகம், பந்தய விதிகள் ஆகியவற்றிலும் பாடநெறிகளை முடிக்க வேண்டும். இனப்பெருக்கப் பண்ணைகளில் வேலை செய்ய விரும்புவோருக்கு நியூமார்க்கெட்டில் உள்ள நேஷனல் ஸ்டட் பயிற்சி அளித்து வருகிறது. 2003 இல் தொடங்கிய பிளையிங் ஸ்டார்ட் என்னும் இரண்டாண்டுத் திட்டம் நிருவாகத் தலைமைக்கு ஆட்களை உருவாக்குகிறது. ஆண்டுக்குப் பன்னிரண்டு பேர் அளவிலேயே சேர்க்கப்படுவதால் இடம் கிடைப்பது அரிது. குதிரை மருத்துவர், லாடம் அடிப்பவர், எடை விதிப்பாளர், பந்தய நடுவர் போன்ற பணிகளும் உள்ளன.

காயமும் ஓய்வும்

ஒவ்வொரு பந்தயத்திலும் ஓட்டிகளின் பின்னே நோயாளர் ஊர்தி செல்வதே இத்தொழிலின் ஆபத்தைக் காட்டும். 1963 இலும் 1964 இலும் டிம் புரூக்‌ஷா, பாடி பாரெல் என்னும் இரு ஜாக்கிகள் விழுந்து முதுகெலும்பில் கடுங்காயமுற்றனர். இதனைத் தொடர்ந்து காயமுற்ற ஜாக்கிகளுக்கான நிதியம் 1964 இல் உருவானது. இந்நிதியம் லாம்போர்ன், மால்டன், நியூமார்க்கெட் ஆகிய இடங்களில் மறுவாழ்வு மையங்களை நிறுவியுள்ளது. ஓய்வு பெறும் ஜாக்கிகள் வேறு தொழில் கற்க உதவும் திட்டமும் உண்டு. தடைதாண்டும் பந்தய ஜாக்கிகள் பெரும்பாலும் நாற்பது வயதுக்கு முன்பே ஓய்வு பெறுவதால், ஓட்டிக்கொண்டிருக்கும் போதே அடுத்த வேலைக்குப் படிக்கத் தொடங்குமாறு இத்திட்டத்தினர் அவர்களை ஊக்குவிக்கின்றனர்.